அணில் மேல் பழி போடுமுன் அந்தப் படத்தை இன்னொரு தடவை பாருங்கள்

கேள்வி: காக்கா, நாங்கள் கீழக்கரை. மாப்பிள்ளை (என் கணவர்) சபரில் (வெளிநாட்டில்) இருக்காங்க, வருசத்துக்கு ஒரு தடவைதான் வருவாங்க. மாடி அறை ஏசி அவங்க வந்தால்தான் ஓடும். மற்ற நாளெல்லாம் அவுட்டோருக்கு ரெக்சின் உறை தைத்துப் போட்டு மூடி வைத்திருப்போம். போன மாதம் போட்டுப் பார்த்தால் ஓடவில்லை, டிஸ்பிளேயில் ஏதோ எழுத்து வந்து நின்றது. மெக்கானிக் வந்து மேல்தகட்டைக் கழற்றினார். உள்ளே அணில் கூடு. "வயரைக் கடித்ததில் போர்டு போச்சு" என்று 11,500 ரூபாய் வாங்கினார். கேஸும் குறைந்திருக்கிறது, குழாயையும் அணில் கடித்திருக்கும் என்று கேஸ் நிரப்பத் தனியாக 2,800. வாரண்டியில் கேட்டால், பூச்சி, பிராணி சேதம் சேராது என்கிறார்கள். இப்போது பத்து நாளாகத் திரும்பவும் நார் கொண்டுவருது. பக்கத்து வீட்டில் எலி மருந்து வைக்கச் சொல்றாங்க. மாமி கூடாதுங்கிறாங்க. பெருநாளைக்கு மாப்பிள்ளை வர்றாங்க. என்ன செய்யலாம்? கழற்றிய போர்டு, கூடு, குழாய் மூன்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கேன்.

— கீழக்கரை வாசகி

பதில்:

தங்கச்சி, உங்கள் ஊர் மாடிகளில் 24 வருடமாக ஏசி வேலைக்காக ஏணி போட்டு ஏறுகிறவன் நான். முதல் வருடம் ஒரு வயசான உம்மா, "காக்கா வந்திருக்கு, தேத்தண்ணி கொடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தபோது நான் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். அண்ணனைத்தான் இங்கே காக்கா என்பார்கள் என்று அப்போது தெரியாது. இப்போது யாராவது அண்ணே என்றால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றுவதில்லை.

படங்களை நன்றாக எடுத்திருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத முடிகிறது. முதலில் கூட்டின் படம். தென்னை நார், பஞ்சு, உங்கள் மாமியின் வெள்ளைத் துப்பட்டியிலிருந்து உருவியது போல ஒரு நூல் கற்றை, நடுவே கடுகு கடுகாகக் கறுப்புத் துணுக்குகள். அந்தக் கறுப்புதான் செம்புக் குழாய் மேல் போட்டிருந்த ரப்பர் இன்சுலேஷன். பஞ்சு எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம். நீங்கள் தைத்துப் போட்ட ரெக்சின் உறையின் உள்பக்கத் துணிதான். அணிலுக்கு வெயில் படாத, மழை படாத, காற்று அடிக்காத, காகமும் பூனையும் எட்டிப் பார்க்காத ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்து, மெத்தைக்குத் துணியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். பக்கத்திலேயே சேதுக்கரை. அணை கட்ட மணல் சுமந்து முதுகில் மூன்று கோடு வாங்கிய கதை ஓடும் ஊரில், அது உங்கள் அவுட்டோருக்குப் பஞ்சு சுமப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆக, கூடு அணிலுடையது. இன்சுலேஷனைக் கடித்ததும் அதுதான். ஆனால் போர்டு?

போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வலது ஓரத்தில், தடித்த இரண்டு கால்களுக்கு நடுவே கரி படிந்த ஒரு திட்டு இருக்கிறது. அதன் ஓரத்தில் காய்ந்து சுருண்டு ஒட்டியிருப்பது வயர்த் துண்டு இல்லை, பல்லியின் வால். கூட்டுக்கு எறும்பும் பூச்சியும் வரும், பூச்சியைத் தேடிப் பல்லி வரும். இன்வெர்ட்டர் ஏசியின் போர்டில் வீட்டுக் கரண்டை நேர்மின்சாரமாக மாற்றும் இடத்தில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். முன்காலை ஒரு முனையிலும் பின்காலை இன்னொரு முனையிலும் வைத்தால் பல்லி அந்த இடத்திலேயே கருகிவிடும், போர்டும் கூடவே போய்விடும். வயரைப் பாருங்கள். மேலுறையில் இரண்டு இடத்தில் பல் பதிந்திருக்கிறது, செம்பு வெளியே தெரியவில்லை. கடித்து அறுந்த வயரால் வந்த கோளாறாக இருந்திருந்தால் வயரை மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும். டிஸ்பிளேயில் எழுத்து வந்தது, இன்டோரும் அவுட்டோரும் ஒன்றோடொன்று பேச முடியவில்லை என்பதற்காக. அது வயர் போனாலும் வரும், போர்டு போனாலும் வரும். உங்களுக்குப் போர்டு.

பல்லி எப்படி உள்ளே வந்தது? வயர் நுழையும் தகட்டு ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அந்த ஓட்டை ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறுமனே திறந்து கிடக்கிறது. பக்கத்தில் வால்வை மூடும் பிளாஸ்டிக் மூடியையும் காணோம். மாட்ட வந்தவர் அவசரத்தில் விட்டுவிட்டுப் போனது. நான் திறந்து பார்க்கும் அவுட்டோர்களில் பாதிக்கு மேல் இந்த மூடி இல்லாமல்தான் இருக்கும். எங்கள் தொழில்காரர்களின் பெரிய குறை இது, நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை.

அடுத்து கேஸ். இதில்தான் எனக்குக் கவலை. அணில் செம்புக் குழாயைக் கடித்து ஓட்டை போட்டது என்று யார் சொன்னாலும், பல்தடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அணிலுக்கும் எலிக்கும் முன்பல் வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்க்க எதையாவது கொறித்தாக வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக், மரம் எல்லாம் சரி. செம்பு வரைக்கும் போவதை நான் பார்த்ததில்லை. உங்கள் மூன்றாவது படத்தில், குழாய் வால்வோடு சேரும் பித்தளை நட்டைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அதற்குக் கீழே தூசு ஒட்டிய எண்ணெய்க் கறை. கேஸ் கசிந்தால் கூடவே கம்ப்ரஸர் எண்ணெயும் துளித்துளியாக வரும். அந்தக் கறைதான் சாட்சி. அணில் இன்சுலேஷனை உரித்த இடத்தில் உப்புக்காற்று நேராகப் பட்டு நட்டைத் தின்றிருக்கலாம், அல்லது ஆரம்பத்திலேயே நட்டு சரியாக உட்காராமல் இருந்திருக்கலாம். எதுவானாலும், கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பியிருந்தால் மாப்பிள்ளை வரும் நாளில் மறுபடியும் வெறும் காற்றுதான் வரும்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பை நுரை வரக் கலக்கி, அந்த நட்டைச் சுற்றி பிரஷ்ஷால் தடவுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். முட்டை முட்டையாக நுரை கிளம்பினால் படம் எடுத்து, 2,800 வாங்கியவருக்கு அனுப்புங்கள். குழாய் நுனியை அறுத்துப் புதிதாக வாய் விரித்து நட்டை மாட்டி, நைட்ரஜன் அடித்து அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, வேக்குவம் இழுத்து, அப்புறம்தான் கேஸ். இந்த வரிசையில் செய்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை. நுரையே வரவில்லை என்றால் மிக மெல்லிய கசிவாகவும் இருக்கலாம், அதை நைட்ரஜன் சோதனையில்தான் பிடிக்க முடியும்.

இடையில் ஒரு வேடிக்கை. செம்புக் குழாயில் ஊசித் துளை ஊசித் துளையாக, உள்ளுக்குள் கிளை பிரிந்து போகும் ஓர் அரிப்பு உண்டு. எறும்புப் புற்று மாதிரி இருப்பதால் தொழிலில் அதற்கு எறும்புப் புற்று அரிப்பு என்றே பேர். பெயிண்ட், வார்னிஷ், பிளைவுட் பசை, சுத்தம் செய்யும் திரவங்கள் ஆகியவற்றிலிருந்து வரும் அமில ஆவியால் உண்டாவது அது, எறும்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பேரைக் கேட்டுவிட்டு எறும்பு மருந்து அடித்த வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு உண்டு.

கூடு இருக்கும்போது யாரையும் கேஸ் வெல்டிங் வைக்க விடாதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் மண்டபம் பக்கம் ஒரு வீட்டில் குழாய் பற்றவைத்தேன். பின்னால் காயில் என்னும் குழாய்ச் சுருளின் இடுக்கில் குருவி அடைத்து வைத்திருந்த நாரைக் கவனிக்கவில்லை. வேலை முடித்துப் பணம் வாங்கி வண்டியை எடுக்கும்போது வாசனை வந்தது. நார் கனன்றுகொண்டே இருந்திருக்கிறது. ஒரு குடம் தண்ணீரோடு போயிற்று, வாங்கிய பணமும் திரும்பப் போயிற்று. இப்போது வரும் ஏசிகளில் பலவற்றில் ஆர்-32 கேஸ். அது லேசாகத் தீப்பற்றக் கூடியது. கேஸை முழுக்க எடுக்காமல், நாரை முழுக்க அகற்றாமல் நெருப்பு வைக்கவே கூடாது.

சரி, எலி மருந்துக்கு வருவோம். வேண்டாம். மாமி சொல்வதே சரி, அவர்கள் சொல்லும் காரணத்தோடு என் காரணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருந்து தின்ற அணில் வைத்த இடத்தில் சாகாது. இன்டோருக்குப் போகும் குழாய் ஓட்டைக்குள்ளோ, ஃபால்ஸ் சீலிங் மேலோ போய்ச் சாகும். அந்த நாற்றத்தோடு பெருநாள் கொண்டாட முடியாது. அதைத் தூக்கித் தின்னும் பூனைக்கும் ஆந்தைக்கும் அந்த விஷம் போகும், அந்த ஆந்தைதான் உங்கள் தெருவில் எலி பிடிப்பது. ஒட்டும் அட்டையும் வேண்டாம். அதில் பல்லிதான் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் துடிக்கும். அந்துருண்டை, மிளகாய்ப் பொடி எல்லாம் கடற்காற்றில் ஒரு ராத்திரிக்குத் தாங்காது. மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள், அது இன்சுலேஷன் ரப்பரையே ஊதவைத்துக் கெடுக்கும்.

இப்போது நார் வருகிறது என்றால் பெண் அணில் பிரசவத்துக்கு இடம் பார்க்கிறது என்று அர்த்தம். குட்டி போட்டுவிட்டதா, இன்னும் இல்லையா என்பதைப் பொறுத்து வேலை மாறும். ஏசி லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை இறக்குங்கள். பத்து நிமிடம் பொறுங்கள், கரண்டை அணைத்த பிறகும் போர்டில் உள்ள கெபாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும். உறையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கையை மட்டும் விடாதீர்கள். நம் மாவட்டத்து வறண்ட காட்டில் சுருட்டை விரியன் சாதாரணம். மாடியில் வாய்ப்புக் குறைவு, ஆனால் தரையில் அவுட்டோர் வைத்திருப்பவர்கள், எலி இருந்தால் பின்னாலேயே பாம்பும் வரும் என்று நினைத்துக்கொண்டே மூடியைத் திறக்க வேண்டும். உச்சிப்புளி பக்கம் ஒரு பனந்தோப்பு வீட்டில் கம்ப்ரஸரைச் சுற்றி மாலை போட்ட மாதிரி முழு நீளச் சாரைச் சட்டை கிடந்ததைப் பார்த்தவன் நான். மூடியைத் திறந்த கையோடு ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

குட்டி இல்லை, வெறும் நார் என்றால் குச்சியால் மொத்தத்தையும் எடுத்துவிட்டு அன்றைக்கே ஓட்டைகளை அடையுங்கள். குட்டி இருந்தால் ஏசியைப் போடவே கூடாது, விசிறி சுற்றினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கையுறை போட்டுக் கூட்டைக் கலைக்காமல் ஓர் ஓலைக் கொட்டானில் எடுத்து, அவுட்டோருக்குப் பத்தடிக்குள் நிழலில், பூனை எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். தாய் வந்து ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். காலையில் செய்தால் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். தானாகப் போகட்டும் என்று காத்திருந்தால் குட்டிகள் பால் மறக்கவே சுமார் 10 வாரம் ஆகும், பெருநாள் தாண்டிவிடும்.

அடைப்பு வேலை இப்படி. வயர் நுழையும் ஓட்டைக்குப் புது ரப்பர் வளையம், மிச்ச இடுக்கில் களிமண் மாதிரி இருக்கும் சீலிங் புட்டி. வால்வு மூடியை வாங்கி மாட்டுங்கள், அதே மாடலுக்குக் கிடைக்காவிட்டால் அலுமினியத் தகட்டை வளைத்து ஸ்க்ரூ போடலாம். சுவரில் குழாய் உள்ளே போகும் ஓட்டையில், கடையில் பாத்திரம் தேய்க்க விற்கும் துருப்பிடிக்காத கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமெண்ட் பூசுங்கள். வெறும் இரும்புச் சுருள் உங்கள் ஊரில் இரண்டு மாதத்தில் துருவாகக் கொட்டிவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: கம்பிச் சுருள் சுவர் ஓட்டைக்கு மட்டும், கரண்ட் பெட்டிக்குள் எந்த உலோகமும் போகக் கூடாது. அடித்தட்டில் இருக்கும் துளைகளை அடைத்துவிடாதீர்கள், மழைத் தண்ணீர் வடிய அவை வேண்டும். அங்கே அரை அங்குலக் கண் உள்ள துருப்பிடிக்காத வலையைக் கீழ்ப்பக்கமாக வைத்துக் கட்டினால் போதும். கடலோரத்துக்கு 316 ரகம் கேட்டு வாங்குங்கள். 304 கொஞ்சம் மலிவு, ஆனால் உப்பில் பழுப்புப் புள்ளி விழும். செம்புக் குழாய்களும் வயரும் வெளியே ஓடும் நீளம் முழுவதையும் 3 அங்குல பி.வி.சி. பைப்புக்குள் விட்டு இரண்டு வாயையும் புட்டியால் மூடச் சொல்லுங்கள். பிளம்பர் பைப்தான், பெரிய செலவில்லை. மேலே சுற்றும் வெள்ளை டேப் வெயிலுக்கே ஒரு வருடம்தான் தாங்கும்.

பலர் அவுட்டோர் முழுவதையும் கொசுவலையால் சுற்றிவிடுவார்கள். தூசும் உப்பும் அந்த வலையில் படிந்து காற்று அடைபட்டால் மிஷின் சூட்டில் திணறும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் கம்ப்ரஸர் போகும். போர்டை விடக் கம்ப்ரஸர் விலை அதிகம். காக்கை, புறாவுக்காக வலை வேண்டுமென்றால் நம் ஊர் மீன்வலையே போதும், அவுட்டோரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிக் கட்டினால் காற்று தடைபடாது. அணிலுக்கு அந்த நைலான் ஒரு கடிதான். திருப்புல்லாணிப் பக்கம் ஒரு வீட்டில் பளபளவென்றிருந்த அவுட்டோர் தகட்டில் தன் உருவத்தையே பார்த்து மயில் தினமும் சண்டை போட்டது, காயில் தகடுகள் எல்லாம் நகத்தில் மடிந்துவிட்டன. மயிலை விரட்டக்கூட யோசிக்க வேண்டும், 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது அது. தகட்டுக்கு மங்கலான பெயிண்ட் அடித்ததும் சண்டை நின்றது.

இனி முக்கியமானது. அந்த ரெக்சின் உறையைத் தூக்கிப் போடுங்கள். அவுட்டோர் வெளியே நிற்பதற்கென்றே செய்தது, மழை அதற்குக் கேடில்லை. உறைக்குள் உப்பு ஈரம் காய வழியில்லாமல் நிற்பதுதான் கேடு. கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் உறை போட்ட மிஷின், போடாததை விட வேகமாகத் துருப்பிடித்ததை நான் உங்கள் தெருவிலேயே காட்ட முடியும். மேலே மட்டும் ஒரு சாய்வுத் தகடு வைக்க ஆசைப்பட்டால் வையுங்கள்.

உறைக்குப் பதில், வாரம் ஒருநாள் இருபது நிமிடம் ஓட்டுங்கள். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டால் மறக்காது. அதிர்வும் சத்தமும் காற்றும் உள்ள பெட்டியில் எந்த அணிலும் பிரசவம் பார்க்காது. ஒன்றரை டன் மிஷின் இருபது நிமிடத்துக்கு ஏறக்குறைய அரை யூனிட் இழுக்கும். இரண்டு மாத பில்லில் நாலைந்து யூனிட். அரசு விடும் இலவச யூனிட்டில் இது ஒரு மூலைக்குக் காணாது. போடுவதற்கு முன் மட்டும் ஒரு முறை அவுட்டோரைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

அப்படி ஓட்டும்போது இன்டோரிலிருந்து வடியும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடியுங்கள். காற்றிலிருந்து வடிந்த அதில் உப்பே இருக்காது. உங்கள் போர்த் தண்ணீரை அவுட்டோரில் அடித்தால் உப்பை உப்பால் கழுவிய கதை, காவிரித் தண்ணீரை அதற்குச் செலவழிக்க மனசு வராது. இந்தத் தண்ணீரை வாளியில் சேர்த்து மாதம் இரண்டு முறை, எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, காயில் மேல் மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். கோடையில் நம் பக்கத்து ஜீவன்கள் பாதி ஏசிக்கு வருவதே அந்த வடிகுழாயில் சொட்டும் தண்ணீருக்காகத்தான். மாடியின் எதிர்மூலையில் ஒரு மண்சட்டியில் நல்ல தண்ணீர் வைத்துவிட்டால் அணிலுக்கு இந்தப் பக்கம் வேலை குறையும். வடிகுழாய் நுனியைத் தரையோடு ஒட்டவிடாமல் ஒரு சாண் மேலே நிறுத்துங்கள்.

வாரண்டி விஷயத்தில், பிராணி சேதத்தைப் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்பதில்லை, அதில் சண்டை போட்டுப் பயனில்லை. ஆனால் ரப்பர் வளையமும் வால்வு மூடியும் போடாமல் மாட்டியது மாட்டியவர் தவறு. பில்லில் இன்ஸ்டலேஷன் கட்டணம் வாங்கியிருந்தால் படத்தோடு எழுத்தில் கேளுங்கள். போர்டுப் பணம் வராது. நட்டு, மூடி, பைப் வேலையை இலவசமாகச் செய்து தரச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். பழைய போர்டை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் ஒன்று அந்த லைனில் இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். பல் பட்ட வயர் நாளை செம்பு தெரியும் அளவுக்கு வெடித்தால் தகட்டில் கை வைப்பவரைக் காப்பது அதுதான். அந்த வயரையும் மாற்றிவிடுங்கள், நாலைந்து மீட்டர்தான்.

கடைசியாக, கூட்டின் படத்தில் இடது மேல்மூலையில் ஒரு முருங்கைக் கிளை அவுட்டோர் ஸ்டாண்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. அதுதான் பாலம். ஆறடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். காய் கைக்கு எட்டாமல் போகுமே என்று மாமி சொல்வார்கள். ஒரு தொரட்டி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.